இரண்டு தரை

திரையில் வெறும் மூன்று கோடு.
ஆழம் காதில் விழவில்லை என்று அர்த்தம்.

போன ஐப்பசியில் படகோடு கரையேற்றி
நெடுமடைக் கண்மாய் மதகு அறையில் போட்டது.
கைக்குள் அடங்கும் கறுப்பு வில்லை,
டிரான்ஸ்டியூசர் என்று ஸ்டாக் ரிஜிஸ்தரில் இருக்கிறது.
முகத்தில் பாசி, பாசிமேல் காய்ந்த சேறு,
சேற்றில் குடியிருந்து செத்த நத்தை இரண்டு.
வயரை மூன்று இடத்தில் எலி ருசி பார்த்திருக்கிறது.
நல்ல வேளை, தோலோடு நிறுத்திக்கொண்டது.

ஒச்சு தின்னர் கொண்டுவந்தான்.
வேண்டாம், முகம் வெந்துவிடும்.
உப்புத்தாளும் வேண்டாம்.
பாத்திரம் விளக்கும் சோப்பு, பழைய பனியன் துணி,
நகம் படாத விரல், போதும்.
பிள்ளைக்கு முகம் கழுவுற மாதிரியே என்றான்.
பிள்ளை என்றால் இந்நேரம் அழுதிருக்கும்.

பிளக்கில் ஒரு பின் மட்டும் பச்சையாய்க் களிம்பேறிக் கிடந்தது.
சுரண்டித் துடைத்து கிரீஸ் தொட்டு வைத்தேன்.
மீட்டர் வைத்துப் பார்த்தால் உள்ளே எதுவும் அறுபடவில்லை.

இனி அது பேசுகிறதா என்று பார்க்கவேண்டும்.
காதருகே பிடித்தால் டிக் டிக்கென்று மெல்லிசாய் ஓடுமாம்.
எனக்கு ஓடாது.
பெயர் பேச்சி, கேட்பதில்தான் பாக்கி.
கண்டக்டர் விசில் வராது, குக்கர் வராது,
ராத்திரிப் பூச்சி எதுவும் வராது.
தவில் வரும். மேலூர் ரோட்டு கிரானைட் லாரி
தரை வழியாகவே வரும்.
என்னை யாராவது பெயர் சொல்லிக் கூப்பிட்டால்
நடுவில் ஒரு ஓட்டை விழும்.

பெரியாஸ்பத்திரியில் கண்ணாடி அறைக்குள் உட்காரவைத்து
சத்தம் வந்தால் விரலைத் தூக்குங்க என்றார்கள்.
தாளின் இடது பக்கம் எல்லாம் தூக்கினேன்.
வலது பக்கம் கோடு
யானைமலைத் தும்பிக்கையாய் இறங்கிப் போயிற்று.

அதனால் ஒச்சுவை மதகுப் படியில் உட்காரவைத்தேன்.
"டிக் வந்தா விரலைத் தூக்கு."
தூக்கினான். தூக்கினான்.
காற்றில் ரொம்ப ஓட்டக்கூடாது, சூடேறும். அணைத்தேன்.
அணைத்த பிறகும் ஒரு தடவை தூக்கினான்.
நானும் டாக்டரம்மாவிடம் அப்படித் தூக்கியிருக்கிறேன்.

படகோரம் பூட்டி நீரில் இறக்குமுன்
ஈரவிரலால் முகத்தை ஒருமுறை தடவிவிட வேண்டும்.
ஒரு குமிழி ஒட்டியிருந்தாலும் போதும்,
அதோடு பேசிவிட்டுத் திரும்பிவிடும்.

சங்கிலியில் இரும்புத் தட்டு,
மீட்டருக்கு ஒரு சிவப்புத் துணி முடிச்சு.
முதல் முடிச்சில் ஒன்று.
இரண்டாவதில் இரண்டு புள்ளி பூஜ்யம் மூன்று;
தண்ணீரின் சூடு பார்த்து ஒலியின் வேகத்தைத் திருத்தினேன்.
மூன்றாவதில் மூன்று.
போய்த் திரும்பும் நேரத்தில் பாதியை எடுத்து
அது எண்ணாக்கித் தருகிறது.
மறுபாதி என்ன ஆகிறதென்று ஒச்சு கேட்டான்.
திரும்பி வரும் செலவு என்றேன்.

நடுக்கண்மாயில், பழைய வரைபடம் மூன்றரை என்ற இடத்தில்
திரை ஒன்று புள்ளி நாலு என்றது.
கரையிலிருந்து சகாயராணி மேடம் கையாட்டினார்.
மறுபடி ரிப்பேரா?

தாழ்ந்த அலைவரிசைக்கு மாற்றினேன்.
மூன்று புள்ளி இரண்டு.

உச்சத்தில் போவது சேற்றின் தோலைத் தொட்டதும் திரும்பிவிடுகிறது.
தாழ்ந்தது சேற்றுக்குள் புகுந்து
பழைய தரையைத் தட்டிவிட்டு வருகிறது.
ஒச்சு மூங்கிலை ஊன்றினான்.
ஒன்றரையில் தயங்கியது,
களிக்குள் கை போவதுபோல் இறங்கியது,
டக்.
அந்த டக் எனக்கும் கேட்டது,
மூங்கிலில் ஏறி, அவன் பாதத்தில் இறங்கி,
படகுப் பலகை வழியாக என் முழங்காலுக்கு.

படிவத்தில் ஆழத்துக்கு ஒரு கட்டம்தான்.
"ஒரு நம்பர் சொல்லு, பே...ி"
கட்டத்தின் குறுக்கே கோடு கிழித்து
மேலே 1.4 என்றும் கீழே 3.2 என்றும் எழுதினேன்.
ஒச்சு துடுப்பைப் போட்டான்.
இன்னும் நூற்றுப்பதினோரு புள்ளி இருக்கிறது,
வெயில் ஏறுமுன் பாதியாவது முடிக்கவேண்டும்.